தீயணைப்பு வண்டி வரும் வரை நாம் செய்ய வேண்டியவை

(தீத்தொண்டு நாள் வாரத்தையொட்டி, தீயணைப்பு நிலையத்தாருடன் சேர்ந்து நடத்தப்பட்ட உழவர் பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியும் களையைப் பற்றியும் பேச வருகிறவன் இன்று நெருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். என்னை அழைத்தபோது நானும் அப்படித்தான் தயங்கினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் வைக்கோல் போர், கரும்புத் தோகை, கந்தகத் தூள், பாசனக் கிணறு எல்லாம் நம் பாடத்தில் உள்ளவைதாமே!

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை இந்த வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. இதற்குக் காரணமான நிகழ்ச்சியிலும் நம் விளைபொருள் ஒன்று இருக்கிறது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘போர்ட் ஸ்டிக்கீன்’ என்னும் கப்பலில் பருத்திப் பொதிகள் தீப்பற்றின. அதே கப்பலில் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெடிபொருள்களும் இருந்தன. வீரர்கள் அணைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். இறுக்கிக் கட்டிய பருத்திக்குள் புகுந்த தீ வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அதை எளிதில் எட்டாது. நம் வைக்கோல் போருக்கும் இதே குணந்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குறுவை அறுவடை. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சரியாகக் காயாத வைக்கோலைத் தொழுவத்தை ஒட்டியே போராகப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போரின் உச்சியில் ஆவி எழுந்தது. பதப்படுத்திய புகையிலை போல ஒரு மணம். உள்ளே சூடேறிவிட்டது, பாதியையாவது காப்பாற்றலாம் என்று என் தந்தையாரும் சித்தப்பாவும் போரின் நடுவே பிரித்தார்கள். பிரித்த இடத்தில் குப்பென்று சுவாலை எழுந்தது. தொழுவத்தின் கீற்றுக் கூரை எரிந்தது. கட்டியிருந்த பசுவையும் கன்றையும் அவிழ்க்க முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. ஆனால் எங்கள் வாய்க்கால் பாலம் வண்டி ஏறாத குறுகல் பாலம் என்பதைத் தகவல் சொல்லப் போனவர் சொல்லவில்லை. வண்டி திரும்பி வேறு வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தபோது, அணைப்பதற்குச் சாம்பல்தான் மிச்சமிருந்தது. அன்று செய்த தவறுகள் எல்லாம் எங்களுடையவை. அவற்றை வைத்தே மற்றதைச் சொல்கிறேன்.

வைக்கோல் தானாக எப்படி எரிகிறது என்று பலர் கேட்பதுண்டு. ஈர வைக்கோலில் நுண்ணுயிர்கள் பெருகி, அவை விடும் மூச்சால் வெப்பம் உண்டாகிறது. நம் எருக்குழி சூடேறுவதும் இதனால்தான். போர் பெரிதாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. சுமார் 70 டிகிரி செல்சியசை நெருங்கும்போது நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். ஆனால் அதற்குள் வைக்கோலே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலும் சூடேறத் தொடங்கிவிடுகிறது. இனி அதற்குத் தேவை கொஞ்சம் காற்று மட்டுமே. எங்கள் வீட்டில் போரைப் பிரித்து அந்தக் காற்றை நாங்களே கொடுத்தோம்.

வைக்கோலின் ஈரம் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குக் கீழே வந்தபின் போர் போட்டால் அச்சமில்லை. இருபதுக்கு மேல் இருந்தால் ஆபத்து. முறுக்கினால் மொடமொடவென்று ஒடிய வேண்டும், கணுவை நகத்தால் நசுக்கினால் ஈரம் தெரியக் கூடாது. இப்போது எந்திரம் கட்டித்தரும் வைக்கோல் கட்டுகளில் இன்னும் கவனம் தேவை. இறுக்கம் அதிகம் என்பதால் உள்ளே காற்றோட்டமே இராது. போர் போட்டபின் ஆறு வாரம் வரை கண்காணிப்பது நலம். நீண்ட இரும்புக் கம்பி ஒன்றைப் போரின் நடுவரை செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நாள்தோறும் பாருங்கள். கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால், அதற்குமேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். போரைப் பிரிக்காதீர்கள், மேலே ஏறாதீர்கள். உள்ளே எரிந்து பொந்தாகியிருந்தால் ஆள் உள்ளே போய்விடுவார். மாடுகளை அப்புறப்படுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். புகை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீர்க் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் பிரிப்பார்கள்.

இடம் உள்ளவர்கள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் எட்டப் போரைப் போடலாம். இடமில்லாத சிறு விவசாயிகளுக்கு நான் சொல்வது, ஒரு பெரிய போருக்குப் பதில் இரண்டு சிறிய போர் போடுங்கள். மின்கம்பிக்குக் கீழே மட்டும் வேண்டவே வேண்டாம். வைக்கோல் ஏற்றிய வண்டிக்கும் இது பொருந்தும். பாரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தொங்கும் கம்பியைக் கழியால் தூக்கிவிடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மாட்டுக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். அவிழ்த்த மாட்டைத் தொலைவில் கட்டவும் வேண்டும். மிரண்ட மாடு பழகிய தொழுவத்துக்கே திரும்பி ஓடும்.

சென்ற மாதம் இந்தப் பயிற்சிக்காக நிலையத்துக்குச் சென்றிருந்தேன். வீரர்கள் குழாயை விரிப்பதும், இணைப்பதும், கழற்றிச் சுருட்டுவதுமாக ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். பல ஆண்டு பணியாற்றியவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன். பதற்றத்தில் மூளை நின்றுவிடும், கைதான் வேலை செய்யும் என்றார் மூத்த வீரர் ஒருவர். அதையே நமக்கும் கற்றுத்தர அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். பள்ளிக்கோ ஊருக்கோ வந்து ஒத்திகை காட்டும்படி நிலையத்தில் எழுதிக் கேளுங்கள்.

அழைப்பதற்கும் ஒத்திகை வேண்டும். எண் 101, 112ஐயும் அழைக்கலாம். ‘தீ, சீக்கிரம் வாங்க’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறோம். ஊர்ப் பெயர், ஒன்றியம், எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், எரிவது என்ன, உள்ளே ஆள் உண்டா என்பவற்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பாலத்தில் கனரக வண்டி ஏறும் என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். ஓர் ஆளை முதன்மைச் சாலைக்கு அனுப்பி நிற்கச் செய்யுங்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு தீயணைப்பு வண்டி பொதுவாக 4,500 லிட்டர் அளவில் தண்ணீர் கொண்டுவரும். நீர்மட்டம் மேலே உள்ள கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார் நொடிக்கு 9 லிட்டர் வரை இறைக்கும். எட்டு ஒன்பது நிமிடத்தில் ஒரு வண்டித் தண்ணீர்! எந்தக் கிணறு, எந்தக் குளக்கரை வரை வண்டி போக முடியும் என்பதை ஊரார் முன்கூட்டியே பார்த்து நிலையத்தில் சொல்லி வைக்கலாம். ஆனால் மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. முன்னதற்கு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பின்னதற்கு மணல் போடுங்கள். பூச்சிமருந்து எரிந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நின்று, மருந்து இருப்பதை வீரர்களிடம் முதலில் சொல்லுங்கள். சொட்டுநீர் உரமான பொட்டாசியம் நைட்ரேட் தானாக எரியாவிட்டாலும் பிறவற்றின் தீயை வளர்க்கும். அதைக் கந்தகத் தூளுடனோ டீசலுடனோ ஒரே மூலையில் வைக்காதீர்கள்.

கிணற்றைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் மீட்புப் பணியும் இவர்களுடையதே. நெடுநாள் இறைக்காத கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நச்சுக் காற்று தங்கும். எண்ணெய் எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டிய கிணற்றிலும் அப்படியே. முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததும் அண்ணனைக் காப்பாற்றத் தம்பி இறங்குகிறார், தம்பிக்காக மூன்றாமவர். இப்படி ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். விளக்கு அணையாத அளவிலேயே ஆளைக் கொல்லும் காற்றும் உண்டு, விளக்கால் தீப்பிடிக்கும் காற்றும் உண்டு. முதுகில் காற்று உருளையும் முகத்தில் கவசமும் அணிந்து வீரர்கள் இறங்கும் வரை மேலிருந்து கயிறு விடலாம், காற்றை ஊதி அனுப்பலாம். எவ்வளவு கதறினாலும் வேறெவரையும் இறங்க விடாதீர்கள். கேட்கக் கல்நெஞ்சாகத்தான் இருக்கும்.

தீப்புண் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பேனா மையும் பற்பசையும் வேண்டாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வந்து 1906ஐ அழையுங்கள். எரியும் உருளையை ஈரச்சாக்கால் மூடி அணைப்பதை நிலைய அலுவலர் இப்போது களத்தில் செய்து காட்டப்போகிறார். முதலில் தாய்மார்கள் முன்வந்து செய்து பாருங்கள். அடுப்பருகே அதிக நேரம் நிற்பவர்கள் நீங்கள்தாமே. சாக்கு நன்றாக நனைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.