சித்திர வகுப்பும் சுதந்திரமும்

ஒரு நாடு அந்நியர் ஆட்சியினின்றும் நீங்கிச் சுதந்திரம் பெறுங்கால் கொடி மாறுகின்றது. நாணயத்திற் பொறித்த உருவம் மாறுகின்றது. உத்தியோகக் கதிரைகளில் அமர்வோரும் மாறுகின்றனர். பாடசாலையிலே சிறுவர் விரிக்கும் சித்திரக் கொப்பி மட்டும் அத்துணை விரைவில் மாறுவதில்லை. எதனை வரைவது, எவ்வாறு வரைவது, எதனை அழகெனக் கொள்வது என்னும் விதிகள் பழைய பாடவிதானத்தினுள் மறைந்து நின்று, ஆட்சி மாறிய பின்னரும் நெடுங்காலம் தொழிற்படுகின்றன. வரலாறும் மொழியும் கற்பிக்கப்பட வேண்டிய முறைபற்றி அரசியல் மன்றங்களில் ஓங்கி வாதிட்டோர் சித்திர பாடத்தைப் பெரிதாக எண்ணியதில்லை. ஆயினும், ஒரு பிள்ளை தன் ஊரையும் தன் மக்களையும் எந்தக் கண்கொண்டு காணப் பழகுகின்றது என்பதை அப்பாடமும் ஓரளவு தீர்மானிக்கின்றது.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நைஜீரியாவின் வரலாறு மிக ஏற்றதாகும். பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த அந்நாடு 1960 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி சுதந்திரம் அடைந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு சித்திரக் கல்விபற்றிய விவாதம் தொடங்கிவிட்டது. அவ்விவாதத்தில் ஆபிரிக்கர் ஒருவர் ஐரோப்பிய முறையை வேண்டி நின்றார். ஆங்கிலேயர் ஒருவர் ஆபிரிக்க மரபை வேண்டி நின்றார். மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இது வியப்பாகத் தோன்றும். காரணத்தை அறிந்தால் வியப்பு நீங்கும்.

அந்த ஆபிரிக்கர் ஐனா ஒனபோலு என்பவர். 1882 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், ஆசிரியர் எவருமின்றித் தாமாகவே வரையக் கற்றவர். லாகோஸ் நகரில் அரசாங்க எழுதுவினைஞராகக் கடமையாற்றியபடியே, நகரப் பெருமக்களின் உருவப்படங்களைத் தீட்டிப் பெயர் பெற்றார். கண்டதைக் கண்டவாறு தீட்டும் ஆற்றல் ஆபிரிக்கருக்கு இல்லை என்று ஐரோப்பியர் பலர் கூசாது சொல்லிவந்த காலம் அது. ஒனபோலு 1920 இல் இலண்டன் சென்று முறையாக ஓவியம் பயின்று, 1922 இல் மீண்டு வந்து, லாகோஸ் நகரப் பாடசாலைகளில் அதனைக் கற்பித்தார். அண்மையிலுள்ளது பெருத்தும் சேய்மையிலுள்ளது சிறுத்தும் தோன்றுமாறு வரையும் தூரதரிசன முறையே அவர் பாடத்தின் உயிர்நிலை. ஐரோப்பியர் தமக்கே உரியதெனக் கருதிய அவ்வித்தையை ஆபிரிக்கச் சிறுவன் கைக்கொண்டானாயின், அவன் தாழ்ந்தவன் என்ற வாதம் தானே இற்றுப்போகும் என்பது அவரது துணிபு. எனவே, அவர் ஐரோப்பிய முறையை வேண்டியது அடிமைப் புத்தியினால் அன்று. சமத்துவத்தை நிலைநாட்டும் வேட்கையினாலேயே ஆகும்.

பாடசாலைகள் பலவற்றுக்கும் ஒருவர் போதாமையால், மேலும் ஆசிரியரை வரவழைக்குமாறு ஒனபோலு அரசாங்கத்தைத் தூண்டினார். அதன் பயனாக 1927 இல் வந்தவரே கென்னத் மரே என்னும் ஆங்கிலேயர். வந்தவரோ ஒனபோலுவின் கொள்கைக்கு நேர்மாறான கொள்கையுடையவராயிருந்தார். கிராமங்களிற் பழைய மரச்சிற்பங்கள் உளுத்து அழிவதையும், விக்கிரகங்கள் என்று இகழப்பட்டு வீசப்படுவதையும், எஞ்சியவை விலைபோய்க் கடல் கடப்பதையும் கண்டு அவர் மனம் நொந்தார். இங்கிலாந்தின் ஓவியப் பள்ளி முறையை இங்கே நட்டால், உள்ளூர்க் கலையுணர்ச்சி பட்டுப்போகும் என அஞ்சினார். ஆதலால், மட்பாண்டம், மரவேலை முதலிய கைப்பணிகளைப் பயிலுமாறும், தம் ஊர் வாழ்க்கையையே மனத்திற் கண்டு வரையுமாறும் மாணாக்கரை ஊக்கினார். அவர்களுள் ஐவரின் ஆக்கங்கள் 1937 இல் இலண்டன் நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சிற்பியும் ஓவியருமான பென் என்வொன்வு அவ்வைவருள் ஒருவர். 1943 இல் தொல்பொருட் பாதுகாப்புப் பணியை ஏற்றுப் பழஞ்சிற்பங்கள் பலவற்றை அழிவினின்றும் மீட்டவரும் மரே அவர்களே.

இருவரும் நன்மையையே நாடினர். எனினும், மரே அவர்களின் கொள்கையில் ஓர் இடர் மறைந்து கிடந்தது. 'உன் மரபே உனக்கு ஏற்றது' என்று ஆளும் இனத்தவர் ஒருவர் சொல்லும்போது, அச்சொல் அன்பினின்றும் பிறந்ததாயினும், 'மற்றையது உனக்கு உரியதன்று' என்ற பொருளையும் உடன்கொண்டு வருகின்றது. ஒனபோலுவின் கொள்கையிலும் ஒரு குறையுண்டு. ஐரோப்பியரின் அளவுகோலாலேயே தன்னை அளந்து காட்டுபவன், அந்த அளவுகோலே சரியானதா என்று கேட்பதற்கு இடமில்லாமற் போகின்றது. ஆகவே, இரண்டு முறைகளையும் கற்று, தனக்கு வேண்டியதைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை மாணவனுக்கு உண்டா என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதனை எழுப்புவதற்கு அடுத்த தலைமுறை வரவேண்டியிருந்தது.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில், நைஜீரியக் கலை, விஞ்ஞான, தொழில்நுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் ஓவியப் பகுதி 1955 இல் வடநாட்டு நகராகிய ஸாரியாவுக்கு மாற்றப்பட்டது. ஸாரியா நகரம் மண்வீடுகளின் முகப்பிலே புடைப்பாக அமைக்கப்படும் கோலங்களுக்குப் பேர்போனது. ஆனால், கல்லூரியினுள்ளே நடந்த பாடங்கள் ஆங்கில நாட்டுக் கலைப்பள்ளிகளின் அடிச்சுவட்டையே பின்பற்றின; ஆசிரியரும் பெரும்பாலும் ஆங்கிலேயரே. கிளாரா உக்போதாகா என்னும் நைஜீரியப் பெண்மணி ஆசிரியராகப் பணியாற்றியமை அரியதொரு விதிவிலக்கு. வீதியிலே கைதேர்ந்த கொத்தனின் கோலத்தைக் கண்டு வியந்து வரும் மாணவன், வகுப்பிற் புகுந்தவுடன் அதனை மறந்துவிட வேண்டியதாயிற்று.

இந்த நிலையைப் பொறாத மாணாக்கர் சிலர் 1958 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஸாரியா ஓவியச் சங்கத்தைத் தொடங்கினர். ஊச்சே ஒக்கேகே, தேமாஸ் நுவோக்கோ, புரூஸ் ஒனோபிராக்பேயா, யூசுப் கிரில்லோ முதலியோர் அதன் உறுப்பினர். பிற்காலத்தார் அவர்களை 'ஸாரியாக் கலகக்காரர்' என அழைத்தனர். உண்மையில், அவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்தவர்களும் அல்லர். ஆசிரியரை இகழ்ந்தவர்களும் அல்லர். வகுப்பிற் கற்பித்தவற்றைக் கற்று முடித்து, ஓய்வு நேரத்திற் கூடி, வகுப்பிற் கற்பிக்கப்படாதவற்றைத் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்டனர். இக்போ, யொரூபா, உர்ஹோபோ எனப் பல்வேறு இனத்தவராகிய அவர்கள், தத்தம் மக்களின் நாட்டார் கதைகளையும், சிற்ப மரபுகளையும், சடங்குகளையும் ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்து ஆராய்ந்தனர். பாடவிதானம் விட்ட வெற்றிடத்தை மாணாக்கரே நிரப்பினர் எனலாம்.

ஒக்கேகே 1960 இல் இக்கொள்கைக்கு 'இயல்பான இணைவு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பழையதை அப்படியே படியெடுப்பதும், மேனாட்டதை அப்படியே படியெடுப்பதும் படியெடுத்தலே ஆகும். இரண்டினின்றும் வேண்டியதைக் கொண்டு, புதிய நாட்டின் வாழ்க்கைக்குப் பொருந்தும் கலையை ஆக்குதல் வேண்டும் என்பது அதன் சாரம். இணைவு என்பது கட்டாயத்தினால் நிகழாது, கலைஞனின் உள்ளத்தில் இயல்பாகவே நிகழ வேண்டும் என்பதைப் பெயரிலுள்ள முதற்சொல் உணர்த்துகின்றது. கல்லூரியை விட்டு உறுப்பினர் பிரிந்து செல்லும் வேளை வந்ததும், 1961 இல் அவர்கள் சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டனர்.

கொள்கை உரைப்பது எளிது. கைவேலையில் அது எவ்வாறு விளங்கியது? இக்போ மகளிரின் 'ஊலி' என்னும் கோலக்கலை இதற்குத் தக்க சான்று. ஒருவகைச் செடியின் காயைப் பிழிந்த சாற்றினாலே மகளிர் ஒருவர் மேனியில் ஒருவர் கோடிழைப்பர். அக்கோலம் சில நாளில் மங்கி மறைந்துவிடும். சுவர்களிலே மண்வண்ணங்களால் தீட்டுவதை மழை வந்து கழுவிவிடும். சுருண்ட பாம்பு, பிறை, கோலா வித்து ஆகியவற்றின் வடிவங்கள் மெல்லிய வளைகோடுகளாக அமைய, அவற்றைச் சூழ்ந்த வெற்றிடமும் கோலத்தின் ஓர் அங்கமாகவே மதிக்கப்படும். ஒக்கேகேயின் அன்னையார் இக்கலையில் வல்லவர். இக்போ நாட்டுக்குத் தொலைவிலே வடபகுதியில் வளர்ந்த மகன், கல்லூரிப் படிப்பு முடிந்த பின்னரே அதனை ஆழ்ந்து பயின்று, தாளிலும் மையிலும் அந்தக் கோட்டின் ஓட்டத்தைக் கொண்டுவந்தார். எந்தப் பரீட்சையிலும் இடம்பெறாத தாயின் கைத்திறன், இவ்வாறு மகனின் ஓவியத்துக்கு இலக்கணமாயிற்று.

சங்கம் கலைந்ததனால் அதன் பணி நின்றுவிடவில்லை. உறுப்பினர் பலர் ஆசிரியராயினர். ஒனோபிராக்பேயா 1963 முதல் 1980 வரை லாகோஸ் நகரப் பாடசாலையொன்றிற் சித்திரம் கற்பித்தார். கிரில்லோ யாபா தொழில்நுட்பக் கல்லூரியின் ஓவியப் பகுதிக்குப் பல்லாண்டு தலைமை தாங்கினார். நுவோக்கோ சிற்பம், நாடக அரங்கு, கட்டடக்கலை என்று பல துறைகளிலும் உழைத்தார்; உள்ளூர் மண்ணையும் காற்றோட்டத்தையும் கருதி அவர் அமைத்த கட்டடங்களுக்காக 2023 இல் வெனிஸ் நகரக் கட்டடக்கலை விழாவில் அவருக்கு வாழ்நாட் சாதனைப் பரிசு வழங்கப்பட்டது. 1967 முதல் 1970 வரை நடந்த கொடிய உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், ஒக்கேகே என்சுக்காவிலுள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தின் ஓவியப் பகுதியைப் பொறுப்பேற்றார். போரினால் நொந்துபோன இக்போ நாட்டிலே, ஊலிக் கலையை ஆராய்வது மாணாக்கரின் படிப்பில் ஓர் அங்கமாக்கப்பட்டது. கானா நாட்டிற் பிறந்து 1975 இல் அங்கு ஆசிரியராக வந்துசேர்ந்த எல் அனாட்சுயி இன்று உலகம் அறிந்த சிற்பி.

இந்த வெற்றிக்கும் எல்லையுண்டு. ஊலிக் கோலம் பெண்களுடைய கலை. அதனைக் கொண்டு புகழ் பெற்றவர்களோ பெரும்பாலும் பட்டம் பெற்ற ஆடவர். கோலமிட்ட மூதாட்டியர் பல்கலைக்கழக வகுப்புக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டாரில்லை. அவர்களுடைய பெயர்களும் பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை. ஊர்ச் சுவரில் மழையோடு போன கோலம் நூல்களில் நிலைபெற்றது நன்றே. ஆனால், அதனை இட்ட கைக்கு உரிய இடத்தைப் பாடவிதானம் இன்னும் முழுமையாகக் கொடுத்துவிட்டதாகக் கூற முடியாது.

இக்காரணங்களாலேயே, குடியேற்ற ஆட்சி நீங்கிய காலத்துக் கலைக்கல்வி இன்று கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வாளரும் ஆண்டுக்கணக்கில் ஆராயும் துறையாக வளர்ந்துள்ளது. அவர்கள் புகழ்பெற்ற ஓவியங்களை மட்டும் நாடினாற் போதாது. பழைய பாடவிதானங்களையும், பரீட்சை வினாத்தாள்களையும், ஆசிரியரின் கடிதங்களையும், மாணாக்கர் கூட்டக் குறிப்புகளையும் தேடுதல் வேண்டும். எதிர்கால ஆய்வாளருக்கு உதவும்பொருட்டு ஒக்கேகே தமது சொந்த ஊராகிய நிமோவில் ஒரு கலை நிலையத்தை அமைத்து ஓவியங்களையும் பத்திரங்களையும் சேர்த்து வைத்தார். அவர் 2016 இல் காலமானார். கல்லூரி மாணவர் சிலர் ஓய்வு நேரத்திற் கூடிப் பேசியவற்றை அறுபது ஆண்டு கடந்தும் ஆராய முடிகின்றதெனின், அதற்கு இத்தகைய சேகரிப்பே காரணம்.

சுதந்திர நாடுகளின் கல்வியாளர் அனைவருக்கும் ஸாரியா மாணாக்கர் விட்டுச்சென்ற கேள்வி ஒன்றுண்டு. சித்திர வகுப்பில் மேனாட்டு முறை வேண்டுமா, உள்நாட்டு முறை வேண்டுமா என்று அதிகாரிகள் தீர்மானித்து அனுப்பும்வரை, ஒனபோலுவும் மரேயும் தொடங்கிய வழக்குத் தீராது. இரண்டையும் செம்மையாகக் கற்பித்து, ஊரிலுள்ள கைவினைஞரையும் வகுப்பினுள் அழைத்து, தெரிந்தெடுக்கும் உரிமையை மாணவனிடம் ஒப்படைக்கும் பாடசாலை எத்தனை என்று ஒவ்வொரு நாடும் எண்ணிப் பார்த்தல் தகும்.