செவ்வாழைத் தாரும் முக்கால் ரூபாயும்

(வெள்ளகோவில் வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சிறுகதைகளில் வரும் பொருள்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டார்கள். நான் பண்டிதனல்ல. பள்ளியில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் வாசகசாலையில் தெரிந்து கொண்டதேயாகும். ஆனாலும் கதை படிப்பதற்குப் பண்டிதர் உத்தரவு எதற்கு என்று கேட்கின்றேன்.

புராணத்தில் புஷ்பக விமானம் வருகின்றது. அட்சய பாத்திரம் வருகின்றது. அவற்றைக் கண்டவர் யார்? யாரும் காணாததால், சொன்னவன் சொன்னதை நம்பித் தீர வேண்டியதாயிருக்கின்றது. சிறுகதையில் வரும் பொருளோ நம் வீட்டுப் பொருள். அது மெய்யா பொய்யா என்று நம் அனுபவத்தைக் கொண்டே சோதித்து விடலாம்.

அண்ணா எழுதிய "செவ்வாழை"யை எடுத்துக் கொள்ளுங்கள். பண்ணையில் பாடுபடும் செங்கோடன் தன் பிள்ளைகளுக்கென்று கொல்லையில் ஒரு செவ்வாழையை வளர்க்கின்றான். தார் தள்ளியதும் பிள்ளைகள் நாளை எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். பண்ணை வீட்டு மருமகளின் பிறந்த நாள் பூசைக்கென்று அந்தத் தார் போய் விடுகின்றது. பிறகு கிழவி செத்தபோது மரம் பாடைக்கு உதவுகின்றது. அதையும் எங்கள் வீட்டு மரமென்று பிள்ளை கரியன் பெருமை பேசுகின்றான்!

"பழம் சாமிக்குத்தானே போயிற்று, புண்ணியம்" என்று ஒருவர் சொல்லலாம். அந்தப் புண்ணியம் கரியன் வயிற்றில் விழுந்ததா? தண்ணீர் ஊற்றியவன் ஒருவன். அதை வைத்துப் பூசை செய்து பெயர் வாங்கினவன் வேறொருவன். இந்தச் சங்கதி நூறு பிரசங்கத்தில் விளங்காதவனுக்கும் பாடையில் கட்டிய அந்த மரத்தைக் கண்டால் விளங்கும்.

அடுத்தது, புதுமைப்பித்தன் 1934இல் "மணிக்கொடி"யில் எழுதிய "பொன்னகரம்". அம்மாளு மில் கூலிக்காரி. புருஷன் ஜட்கா வண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கின்றான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. முக்கால் ரூபாய்க்காக அவள் இருட்டுச் சந்தில் தன்னையே விற்க நேரிடுகின்றது.

இவ்வூரில் விசைத்தறி ஓட்டுகின்றவர்களும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கின்ற பெண்களும் இருக்கின்றார்கள். கூலி வராத வாரத்தில் அடுப்புக்கு என்ன செய்வதென்று திகைத்தவர்களுக்கு அந்த முக்கால் ரூபாயின் கனம் தெரியும். "சீ, கெட்டவள்" என்று சொல்லுகின்றவன் யாரென்று பாருங்கள். பெரும்பாலும் பால் வாங்கக் காசில்லாமல் ஒரு நாளும் தவிக்காதவனாகவே இருப்பான். அவளைக் கேள்வி கேட்கின்றவன், காசு கொடுத்த ஆணை ஏன் கேட்பதில்லை? கற்பு பெண்ணுக்கு மாத்திரம் எழுதி வைத்த சொத்தா?

ஆகவே தோழர்களே! கதையைப் படித்ததும் அதிலுள்ள நீதி என்னவென்று பிறரைக் கேட்டு அலையாதீர்கள். அதிலுள்ள பொருளைப் பிடித்துக் கொள்ளுங்கள். அது யார் பாட்டில் வந்தது, யார் கைக்குப் போயிற்று என்று பாருங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் யார் பேரில் வந்தது, ஏன் வந்தது என்று யோசியுங்கள். நான் சொன்னதும் உங்கள் புத்திக்குச் சரியென்று படாவிட்டால் தாராளமாய்த் தள்ளி விடுங்கள்.

இத்துடன் என் வார்த்தையை நிறுத்திக் கொள்ளுகின்றேன். இனி நீங்கள் எழுந்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தாய்மார்கள் பேசட்டும்.