பழமனையில் முதியோர் வாழ்வு



பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிப்பது அதன் கல்லுக்காகவா, அதனுள் வாழ்வோருக்காகவா? இவ்வினாவிற்கு இலண்டன் மாநகரின் சார்ட்டர்ஹவுஸ் தக்கதொரு விடை தருகிறது.

1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மாண்டோரைப் புதைத்த நிலம் அது. 1371இல் அங்கே கார்த்தூசியத் துறவியர் மடம் எழுந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபின் அது பிரபுக்களின் மாளிகையாயிற்று. 1611இல் தாமஸ் சட்டன் என்னும் செல்வர் 13,000 பவுண்டு விலை கொடுத்து அதனை வாங்கினார். முதியோர் 80 பேருக்கு இல்லமும் சிறுவர் 40 பேருக்குப் பள்ளியும் அமைய அறக்கட்டளை நிறுவினார். 1872இல் பள்ளி கோடால்மிங் நகருக்குப் பெயர்ந்தது. முதியோர் அங்கேயே தங்கினர். 'சகோதரர்' என்பதே அவர்களுக்கு வழங்கிய பெயர்.

கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே அப்பள்ளியின் மாணவர். அவரது 'தி நியூகம்ஸ்' நாவலில், இந்தியாவில் படைப்பணி புரிந்த கர்னல் நியூகம் செல்வம் முழுதும் இழந்து, இவ்வில்லத்தை ஒத்த ஓரிடத்தில் இறுதி நாள்களைக் கழிக்கிறார். வறுமை வந்தது, மானம் குன்றவில்லை. முதியோர் இல்லம் ஒன்று காக்க வேண்டிய பெரும்பொருள் அம்மானமே.

1941 மே மாதம் 10ஆம் நாள் இரவு விழுந்த குண்டுகளால் மனையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. எஞ்சியதை இடித்துத் தள்ளியிருக்கலாம். வேலியிட்டு வெறும் காட்சிப்பொருளாக்கியிருக்கலாம். போருக்குப் பின் புதுப்பிக்கும் பணியை ஏற்ற கட்டடக் கலைஞர் சீலியும் பேஜட்டும் அவ்விரண்டையும் செய்யவில்லை. பிற்காலச் சுவர்கள் அழிந்தமையால் துறவியர் காலத்துக் கட்டுமானம் பல இடங்களில் வெளிப்பட்டிருந்தது. அதனைப் பேணியவாறே முதியோர் மீண்டும் குடியிருக்க இடம் அமைத்தனர். மடத்தை நிறுவிய சர் வால்டர் மேனியின் கல்லறை 1947இல் கண்டறியப்பட்டதும் அப்பணியையொட்டி நிகழ்ந்த அகழாய்வில்தான்.

செப்பனிடப்பெற்ற பெருங்கூடத்தில் முதியோர் இன்றும் ஒருங்கே அமர்ந்து உண்கின்றனர். ஆடவர்க்கே உரியதாயிருந்த இல்லம் இப்பொழுது பெண்டிரையும் ஏற்கிறது. அவர்களுக்கும் 'சகோதரர்' என்ற பழம்பெயரே வழங்குகிறது. 2017 சனவரியில் பொதுமக்களுக்கென அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

பார்வையாளர் வந்தால் முதியோரின் அமைதி குலையாதா என்னும் ஐயம் நியாயமானதே. அதற்கு அவ்வில்லம் கண்ட வழி சிந்திக்கத்தக்கது. மனையைச் சுற்றிக் காட்டி அதன் வரலாற்றை எடுத்துரைப்போருள் அங்கு வாழும் சகோதரர்களும் உளர். அதனால் அவர்கள் காட்சிப்பொருளாகவில்லை; விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்குரியோர் ஆயினர்.

முதியோர்க்கெனப் பழமனையைப் புதுப்பிக்க முனைவோர் படியின் உயரத்தையும் கைப்பிடியின் உறுதியையும் கருதுவது இன்றியமையாதது. ஆயினும் பணி அத்துடன் முடிவதில்லை. ஒருங்கே உண்ண ஒரு கூடம், வருவோரிடம் சொல்ல ஒரு கதை, 'இது எம் இல்லம்' என்னும் உரிமை ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அப்பணி நிறைவுறும்.