தப்பினாலும் ஆடலாம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, மடுவத்தில் இருந்த பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டிப் பேச மாட்டோம். வழக்கமாக நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கிளினிக்குக்குப் போங்கள், சேமிப்புப் புத்தகம் திறவுங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்போம். இன்றைக்கு வேறு விஷயம். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

"படிக்காத பிள்ளையைப் பற்றிப் பேசினாலும் நியாயம் இருக்கு, படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறோம்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். தாயும் மகளும் சம்மதித்த பிறகுதான் இங்கே சொல்கிறோம். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவள். அன்றிலிருந்து லயத்தில் அவளுக்கு ஒரே பேச்சு: "நீதான் இந்தக் குடும்பத்தக் கரையேத்தணும்." கடைக்குப் போனாலும் அதே பேச்சு, கோயிலுக்குப் போனாலும் அதே பேச்சு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிய கூடை அது. பதினைந்து வயது வரைக்கும் இறக்கி வைக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

முதலில் கவனித்தவர் தகப்பன். எண்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுத்தால் இரண்டு கிழமையில் நாற்பது பக்கமாகிவிடுகிறது. ஒரு எழுத்துப் பிழைத்தால் அழிக்க மாட்டாள், முழுத் தாளையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு முதலில் இருந்து எழுதுவாள். இரவு பதினொரு மணிக்கும் காம்பராவில் லைட் எரியும். பரீட்சை நாள் காலையில் வயிற்று வலி. டிஸ்பென்சரியில் காட்டினார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள்.

அதோடு கணிதப் பாடத்தில் புள்ளி இறங்கியது. டீச்சர் விடைத்தாளைக் காட்டினார். தெரிந்த கணக்குகளையே எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "கடைசி விடை சரியா வருமோன்னு நிச்சயமில்ல மிஸ், அதான் எழுதல" என்றாளாம். கணக்கில் செய்கை வழிக்கும் புள்ளி உண்டு என்பது உங்களில் சா/த எழுதிய பிள்ளைகளுக்குத் தெரியும். பிழையாக எழுதினாலும் இரண்டு மூன்று புள்ளி கிடைக்கும். வெறுந்தாளுக்கு ஒன்றும் கிடையாது. பிழை விடக் கூடாது என்ற பயமே அந்தப் பிள்ளையின் புள்ளியைத் தின்றுவிட்டது.

தான் முதலாவதாக வர முடியாத எதையும் அவள் தொடவே மாட்டாள். வலைப்பந்து விளையாடக் கூப்பிட்டால் கால் வலி. பாட்டுக்குக் கூப்பிட்டால் தொண்டைக் கட்டு. எல்லோரும் "அடக்கமான பிள்ளை" என்று மெச்சினார்கள்.

மாரியம்மன் திருவிழா வந்தது. பொழுது சாய்ந்த பிறகு கோயில் வாசலில் பெண்கள் கோலாட்டம் பழகுவார்கள். கோலாட்டத்துக்குச் சோடி வேண்டும், ஆள் கணக்கு ஒற்றைப்படையாக இருக்க முடியாது. ஒரு அக்கா மகள் பேறுக்காகக் கொழும்புக்குப் போய்விட்டார். சோடி குறைந்தது. இந்தப் பிள்ளையின் தாய் நன்றாக ஆடக் கூடியவர், வரிசையைக் கொண்டுபோகிறவரே அவர்தான். மகளைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஆடத் தெரியாதும்மா. என்னால ஏலாது."

"தெரியாட்டிப் போகுது. ஆளு குறையுது, வந்து நில்லு புள்ள."

அந்தத் தாய் பெரிதாக யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல அது. ஆனால் இத்தனை வருஷத்தில் "நீ கெட்டிக்காரி, வா" என்று அழைக்காமல் "ஆள் குறைகிறது, வா" என்று அவளை யாரும் அழைத்தது அதுதான் முதல் தடவை.

முதல் நாள் படுமோசம். கம்பில் அடிக்க வேண்டியவள் தன் விரலில் அடித்துக்கொண்டாள். வலப் பக்கம் திரும்பச் சொன்னால் இடப் பக்கம் திரும்பினாள். கிழித்துப் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்கலாம் என்றால் இங்கே தாள் இல்லையே! பாட்டு நிற்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், எதிரே அடுத்த ஆள் கம்பை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். தப்பினால் ஒரு தட்டு சும்மா இருந்து, அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பல் போன ஒரு கிழவி சிரித்துக்கொண்டே, "வெரலப் பாத்துக்க புள்ள, நாளைக்கு எழுதணுமே" என்றார். பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அப்படிச் சத்தமாகச் சிரித்துப் பல மாதம் என்று தாய் எங்களிடம் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாய் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வங்கிக்குப் போனால் மகள்தான் படிவம் நிரப்புவாள். பள்ளிக்கூடத்துக் கூட்டத்திலும் மகள் சொல்லக் கேட்டுத்தான் கையொப்பம் போடுவார். வீட்டில் எல்லாம் தெரிந்தவள் மகள். கோயில் வாசலில் அது தலைகீழாகிவிட்டது. "கையப் பாக்காத, பாட்டக் கேளு" என்று தாய் சொல்ல, மகள் கேட்டாள். தன்னிடமும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று இருக்கிறது என்று அந்தத் தாய் கண்கலங்கினார்.

திருவிழா அன்றும் இரண்டு இடத்தில் தப்பினாள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பின்னல் கோலாட்டத்தில் மட்டும் அவளைச் சேர்க்கவில்லை. அதில் ஒருத்தி தப்பினால் கயிறு முழுவதும் சிக்கிவிடும். அவளும் கேட்கவில்லை!

"அதற்குப் பிறகு பிள்ளைக்குப் புள்ளி கூடியதா?" என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். பார்த்தீர்களா, கோலாட்டத்தையும் புள்ளியில்தான் நிறுக்கப் பார்க்கிறோம். புள்ளிக் கணக்கை இங்கே சொல்லப் போவதில்லை. கணக்கைப் பாதி வரை எழுதி விட்டுவைக்க இப்போது அவளுக்கு முடிகிறது என்று டீச்சர் சொல்கிறார். கொப்பி இரண்டு மாதம் வருகிறது என்று தகப்பன் சொல்கிறார். பரீட்சை நாள் வயிற்று வலி இன்னும் முழுவதாக விடவில்லை. கோலாட்டம் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் பழக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறாள்.

எங்கள் சனத்துக்கு இது ஏன் கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தோம். காலையில் பிரட்டுக்கு வந்ததில் இருந்து எல்லாமே நிறுவைதான். இத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அந்தத் தராசை லயத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளையின் முன்னால் வைத்துவிடுகிறோம். அதுவும் பொம்பளைப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறான், டக் அடித்தாலும் சந்தோஷமாகத் திரும்பி வருகிறான். பிள்ளை தண்ணி தூக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும், மிச்ச நேரத்தில் முதலாவதாகவும் வர வேண்டும். இது நியாயமில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

கிரிக்கெட் என்றதும் முத்தையா முரளிதரன் ஞாபகம் வருகிறார். அவருடைய தாத்தா தென்னிந்தியாவில் இருந்து மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 2010இல் காலியில் ஓய்வு பெறும்போது டெஸ்டில் 800 விக்கெட். உலகத்தில் வேறு யாரும் எடுக்காத கணக்கு அது. பந்து வீச்சில் அவ்வளவு கண்டிப்பாக உழைத்தவர், துடுப்பெடுத்தால் எப்படி? காலை ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினதுபோல் வீசுவார். சர்வதேசப் போட்டிகளில் 59 தடவை பூச்சியத்தில் ஆட்டமிழந்தார். அதற்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மட்டையைத் தூக்க மாட்டேன் என்றாரா? வீசிக்கொண்டே இருந்தார், சனம் சிரித்துக் கைதட்டியது. 2001இல் கண்டியில் இந்தியாவுக்கு எதிராக 67 ஓட்டமும் அடித்தார்.

படிப்பு முக்கியமில்லை என்று நாங்கள் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை படிக்கத்தான் வேண்டும். நாங்கள் கேட்பது கிழமையில் இரண்டு மணி நேரம். பாட்டோ, தையலோ, பந்தோ, கோலாட்டமோ, அதில் அவள் எத்தனையாவது என்று கேட்காதீர்கள். மற்ற லயத்துப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். "நல்லா ஆடினியா?" என்பதற்குப் பதிலாக "இன்னைக்கு யாரு கூட ஆடின?" என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரிப் பேசினால் கோலாட்டத்தை நம்பி இருக்க வேண்டாம். அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டி வாருங்கள், அல்லது எங்களிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

எங்கள் தோட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோயில் வாசலில் பழக்கம் தொடங்குகிறது. கம்பு இல்லாதவர்கள் கொய்யாக் கம்பில் இரண்டு, முழங்கை நீளத்துக்கு வெட்டி, பட்டை சீவிக் காயவைத்துக்கொண்டு வாருங்கள். இப்போதைக்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஆள் குறைகிறது.