கடலில் வழிவிடுதல்

மதுரை மாணவர்களே! வைகைக் கரையில் வாழும் நமக்கு, பரந்த கடலில் கப்பல்கள் மோதுமா என்ற ஐயம் எழலாம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. சிந்திய எண்ணெயைக் கரையில் மக்கள் வாளிகளால் அள்ளினார்கள்.

நெருங்கிவரும் கப்பல் தென்படும் திசை மாறாதிருப்பின், அதுவே அபாய அறிகுறி. இயந்திரக் கப்பல்கள் இரண்டு குறுக்கிடின், மற்றதைத் தன் வலப்புறம் காண்பதே விலகவேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதி. கப்பலின் இடப்புற விளக்கு சிவப்பு, வலப்புறம் பச்சை. ஆகவே இரவில், விலகவேண்டியவர் காண்பது சிவப்பு.

மற்றவர் திசையும் வேகமும் மாற்றலாகாது. எனினும், விலகவேண்டியவர் தவறி மோதல் நெருங்கினால், இவரும் தவிர்க்க முயன்றே ஆகவேண்டும். உரிமையினும் உயிர் பெரிது என்னும் இவ்வறத்தையே நான் போற்றுகிறேன்.