பதினோரு மணிக் கூட்டம்

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "நகரச் சீரமைப்பும் மக்கள் கருத்தும்னு தலைப்பு போட்டிருக்கேன். பதினைஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்றார். கவுன்சிலராக இருந்தவர்கள் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. தலைப்பு பெரியது. நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த மூலை அது. ஏனென்றால் அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

இந்தக் கல்லூரியில் நான் படித்த மூன்று ஆண்டுகளிலும் சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது. 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்ட பிறகு, 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த நகரத்துக்கு மாமன்றத் தேர்தலே நடக்கவில்லை. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழையது என்று பெருமை பேசுகிறோம். அதில் ஒரு தலைமுறைக் காலம் மக்கள் பிரதிநிதி இல்லாமலே ஓடியிருக்கிறது. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. எங்கள் வார்டும் பெண்கள் வார்டாகிவிட்டது. நிற்க ஆசைப்பட்டவர் என் கணவர். நின்றது நான். இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த முதல் தேர்தலில் என்னைப் போல வந்தவர்கள் நிறையப் பேர்.

ஜெயித்து உள்ளே போனால், வேலையைச் சொல்லித் தர ஆள் இல்லை. பழைய கவுன்சிலர்கள் பலர் தள்ளாத வயதில் இருந்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, அடிபம்பு, பிறப்புச் சான்றிதழ் இவைதான் கவுன்சிலர் வேலை என்று ஐந்து ஆண்டுகளை ஓட்டினேன். அதில் ஒன்றும் குறைவில்லை, அடிபம்பு வேலை செய்யாவிட்டால் மற்றதெல்லாம் எதற்கு? பிறகு பத்து ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, 2011-இல் மறுபடி நின்று ஜெயித்தேன். அப்போது வார்டுகள் 155-லிருந்து 200 ஆகியிருந்தன. நான் சொல்ல வந்த கதை இந்த இரண்டாவது தவணையில் நடந்தது.

எங்கள் வார்டில் எழுபதுகளில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. எந்தத் துறை கட்டியது, எந்த வார்டு என்பதை விட்டுவிடுகிறேன். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். ஒவ்வொரு வீடும் இருநூறு சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. மேற்கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும். மழைக்காலத்தில் ஒரு சன்ஷேடு இடிந்து ஒரு பையனின் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இடித்துவிட்டு, அதே இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு பெரிய வீடுகளாக, உயரமாகக் கட்டித் தருவதாகத் திட்டம். நல்ல திட்டம். யார் வேண்டாம் என்பார்கள்? மக்கள் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டால் வேலை தொடங்கலாம் என்றார்கள். கூட்டம் நடத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2012-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் ஷாமியானா, மேடையில் சோபா, போண்டா, டீ. பொறியாளர் வரைபடத்தை மாட்டி, குச்சியால் காட்டி விளக்கினார். அறுபது பேர் இருப்பார்கள். "புது வீடு வேணுமா, வேணாமா?" என்று நான் கேட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள். நடவடிக்கைக் குறிப்பில் "பொதுமக்கள் ஒருமனதாக ஆதரவு தெரிவித்தனர்" என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

நம் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர், பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று கத்தும். உடனே அவர் கடைசி பெஞ்சில் ஒருவரை எழுப்பி, "நீ சொல்லு, என்ன புரிஞ்சுது?" என்பார். இங்கே சிரிக்கிறவர்களில் சிலர் அந்த பெஞ்சுக்காரர்கள். அன்றைக்கு நானும் "புரிஞ்சுதா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணி லாரி வரும் நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். வரிசையில் குடத்தோடு நின்ற ஓர் அம்மா, நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்குகிறவர், என்னைக் கூப்பிட்டார்.

"கவுன்சிலரம்மா, செவ்வாக்கெயம கூட்டம் போட்டியாமே?"

"ஆமாம்மா, நீங்க வரலியா?"

"பதினோரு மணிக்கு எந்தூட்டு பாத்திரத்தைப் பாதியில போட்டுட்டு வர்றது? நீயே சொல்லு."

நான் பேசாமல் நின்றேன். அவர் விடவில்லை. "புது வூடு வேணுமான்னு கேட்டியாம். வேணும்தான். அதை ஏன் கேக்கற? இடிச்சிட்டு கட்றவரைக்கும் நாங்க எங்க போயி இருக்கறது? அத்தை எவனாவது கேட்டானா?"

வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் எடுத்த போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். அறுபது பேரில் பெண்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் எங்கள் கட்சி மகளிர் அணி. மற்ற ஆண்களில் பாதி, நான் எங்கே கூட்டம் போட்டாலும் வருகிறவர்கள். அந்தக் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளை நடத்துகிறவர்கள் வீட்டு வேலைக்கும், மீன் விற்கவும், ஏற்றுமதித் தையல் கம்பெனிக்கும் போகிற பெண்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்கள் பேரிலும்தான் "ஒருமனதாக" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஷாமியானா இல்லை. இரவு எட்டரைக்கு மேல், ஒரு நாளைக்கு ஒரு படிக்கட்டு. படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேசுவது. ஒன்பது நாள் போனேன். அந்த உதவிப் பொறியாளரையும் கூட அழைத்துப் போனேன். முதல் நாள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மேடம், இதெல்லாம் நடைமுறையில இல்ல" என்றார். மூன்றாவது நாளிலிருந்து அவரே டேப்பும் நோட்டும் கொண்டுவந்தார்.

என்னென்ன தெரிய வந்தது என்று கேளுங்கள். ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கிற பெயர் ஒன்று, உள்ளே இருக்கிறவர் வேறு. ஆணை வாங்கியவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், மகள் பெயருக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். சில வீட்டை வெள்ளைத்தாளில் எழுதி விற்றிருப்பார்கள். பல வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். அந்த இருநூறு சதுர அடியில் கல்யாணமான இரண்டு பிள்ளைகள், நடுவில் புடவையைக் கட்டித் தடுத்து. இடிக்கும்போது ஒரு வீடு, கொடுக்கும்போதும் ஒரு வீடுதான். இரண்டாவது குடும்பம் கணக்கிலேயே வராது.

அப்புறம் வாடகை. மறுகட்டுமானத்தின்போது வெளியே தங்கக் குடும்பத்துக்கு அந்நாளில் கொடுத்தது 8,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை, மொத்தமாகவே அவ்வளவுதான். அதற்குக் கருணைத்தொகை என்று பெயர். 2021-இல்தான் அதை 24,000 ஆக உயர்த்தினார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வாடகை மலிவாக இருக்கிற இடம் தேடிப் போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும், வேலைக்குப் போகிற வீடுகளும் போகும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆற்றோரத்து ஜனங்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். போனவர்கள் விடியற்காலை பஸ் பிடித்துப் பழைய வேலைக்கே திரும்பி வந்துகொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே "தற்காலிகம்" என்று நான் சொன்னால், வெளியே தள்ளப் போகிறார்கள் என்றுதான் அவர்கள் காதில் விழுந்தது. "எழுதிக் குடு" என்றார்கள். நியாயம்தானே?

ஆறாவது நாள் ஒரு பெரியவர், "மேப்புல படி எவ்ளோ அகலம் சார்?" என்றார். பொறியாளர் சொன்னார். "லிப்ட்டு?" அதையும் சொன்னார். "அப்ப பொணத்த எப்படி இறக்குவீங்க?" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. பழைய கட்டடத்தில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாடையைத் திருப்ப முடியாமல் நிற்க வைத்து இறக்கிய கதையை அந்தப் படிக்கட்டில் இருந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒரு பெண், தன் கணவனுடைய உடம்பை நாற்காலியில் உட்கார வைத்து இறக்கியதைச் சொன்னார். பொறியாளர் எழுந்து போய் அந்தத் திருப்பத்தை அளந்தார். அன்று ராத்திரி அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வந்த வரைபடத்தில் படியின் திருப்பம் அகலமாகியிருந்தது. ஷாமியானாவில் ஆயிரம் கூட்டம் போட்டாலும் இது வெளியே வந்திருக்காது.

பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்து ஒவ்வொரு பிளாக் சுவரிலும் ஒட்டினோம். வீட்டு எண், பெயர், எத்தனை பேர். பத்து நாள் அங்கேயே விட்டு வைத்தோம். பால்பாயிண்ட் பேனாவால் அவர்களே அடித்துத் திருத்தினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிழித்தார். கடைசியில் நின்ற பட்டியல் அலுவலகத்தில் இருந்த பதிவேட்டைவிடச் சரியானது. அதை வைத்து, "இதே இடத்தில் வீடு" என்று எழுதிய ரசீது வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்டது. அந்தத் தாளைப் பெற நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் செயலாளர் மணி அடித்துவிடுவார்.

எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். தரைத்தளத்தில் இட்லிக் கடை, இஸ்திரிக் கடை வைத்திருந்தவர்களுக்குக் கடை கேட்டோம், கிடைக்கவில்லை. இரண்டாவது குடும்பங்களுக்கும் கிடைக்கவில்லை. 2014-இல் இடித்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேலை நின்றது. 2016 அக்டோபரில் எங்கள் தவணை முடிந்தது. அதற்குப் பிறகு 2022 வரை மறுபடியும் மாமன்றமே இல்லை. புதுக் கட்டடம் எழும்பி, சாவி கொடுத்து, தண்ணீர் ஏறவில்லை, லிப்ட் நின்றுவிட்டது என்ற புகார்கள் வந்ததெல்லாம் இந்த ஆறு வருஷத்துக்குள். கேட்க ஆள் இல்லாமல் அவர்கள் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். பதவியில் இல்லாத நான் யாருக்குக் கடிதம் எழுத முடியும்? எழுதினேன், அது வேறு விஷயம்.

இங்கே சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். கிராமத்துக்காரருக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திலேயே கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று நாள் குறித்து, எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். நகரத்துக்காரருக்கு அப்படி ஒன்று 2022 நவம்பர் 1 அன்றுதான் வந்தது. பம்மலில் முதலமைச்சரே வந்து கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. வருகிறவர்களிடம் கேட்பதோடு நிற்காமல், அவர்களுக்கு நாற்காலியே போட்டுவிட்டார்கள். வீடு இடிக்கும் விஷயத்தில் அப்படி ஒரு நாற்காலி இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

அந்தத் தண்ணி லாரி அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சுவரில் பட்டியல் ஒட்டிய நாட்களில், எல்லோரும் முண்டியடித்துப் பெயர் பார்த்தபோது, அவர் மட்டும் குடத்தோடு தள்ளி நின்றுகொண்டிருந்தார். "உங்க பேரைப் பார்த்துட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "நான் வாடகைக்குத்தானே இருக்கறேன்" என்றார். பதினான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தவர். ஆணை வைத்திருந்தவர் வேறு எங்கேயோ இருந்துகொண்டு மாதம் பிறந்தால் வாடகை வாங்கிப் போகிறவர். புது வீடு அவருக்குப் போயிற்று. அந்த அம்மா தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவருக்காக நான் கொடுத்த மனு இரண்டு தடவை திரும்பி வந்தது.

போன வருஷம் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "எங்க பக்கத்துல ஏரியா கூட்டம்னு என்னமோ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கம்மா, போலாமா?" என்றார். "கட்டாயம் போங்க" என்றேன்.

"எத்தினி மணிக்கு வெக்கறாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

மணி அடித்துவிட்டார்கள்.