சிங்க்கில் ஊற்றிய கடல்

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, இந்த அங்கிக்குள் எனக்கு வேர்க்கிறது, உங்களுக்கும் வேர்க்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1984-ல் நான் ஆய்வு மாணவன். அரபிக்கடலின் நடுப்பகுதியிலிருந்து கொண்டுவந்த நீரைக் கண்ணாடி நார் வடிதாளில் வடிப்பது என் வேலை. தாளின் துளை 1.2 மைக்ரான். தாளில் தங்கியதை அசிட்டோனில் ஊறவைத்து, பச்சையத்தை அளந்து நோட்டில் எழுதுவேன். குடுவைக்குள் இறங்கிய தெளிந்த நீர் சிங்க்குக்குப் போகும். இரண்டு வருடம் ஊற்றினேன்.

அதே காலத்தில் வட அட்லாண்டிக்கில் சாலி சிஷோமும் ராப் ஆல்சனும் ஒரு கருவியைக் கப்பலில் ஏற்றினார்கள். செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, லேசர் பாய்ச்சி எண்ணும் ஃபுளோ சைட்டோமீட்டர். திரையின் மூலையில் மங்கலாகச் சில சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. கருவியின் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஆழத்து நீரை வைத்தால் சிவப்பு கூடியது. மின்சார இரைச்சலுக்குக் கடலின் ஆழம் எப்படித் தெரியும்? வெளிச்சம் குறையக் குறைய, லேசரில் சிவப்பாக ஒளிரும் பச்சையத்தைக் கூட்டிக்கொள்வது உயிருள்ள செல். 1988-ல் செய்தி வெளிவந்தது. புரோக்ளோரோகாக்கஸ் என்று பின்னர் பெயரிட்டார்கள்.

அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.6 மைக்ரான். என் வடிதாளின் துளையில் பாதி. வெப்பக் கடல்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம்கூட இருக்கும். லிட்டருக்குப் பத்துக் கோடி! ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் அதற்குத்தான். அதை நான் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியிருக்கிறேன்.

2003-ல் இதன் மரபணுத் தொகுதிகளைப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. மேல்மட்ட வெளிச்சத்தில் வாழும் ஒரு வகைக்குச் சுமார் 1,700 மரபணுக்கள். மங்கிய ஆழத்தில் வாழும் ஒரு வகைக்கு 2,200-க்கு மேல். ஒரே பெயர், இரண்டு குடித்தனம். சிக்கனம் எவ்வளவு என்றால், ஹைட்ரஜன் பெராக்சைடை முறிக்கும் கேட்டலேஸ் மரபணுவைக்கூடக் கைவிட்டுவிட்டது. அந்த நஞ்சைப் பக்கத்து பாக்டீரியாக்கள் சுத்தம் செய்கின்றன. தனியாகவே முன்னுக்கு வந்தேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மா அப்பாவை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பச்சையமே இல்லாமல் வெளிச்சத்தைப் பிடிக்கிற கூட்டமும் உண்டு. 2000-ல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீரிலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்து, எட் டிலாங் குழுவினர் புரோட்டியோரோடாப்சின் என்ற புரதத்தைக் கண்டார்கள். நம் விழித்திரையில் இருக்கும் அதே ரெட்டினால்தான் அதற்குள்ளும் ஒளியை வாங்குகிறது. அந்தப் புரதம் கொண்ட பாக்டீரியாவை அப்போது யாரும் ஆய்வகத்தில் வளர்த்திருக்கவில்லை, மரபணு மட்டும் கிடைத்தது. புரதத்தின் 105-ஆவது இடத்தில் லூசின் இருந்தால் பச்சை ஒளி, குளூட்டமின் இருந்தால் நீல ஒளி. ஆழத்துக்கு எட்டுவது நீலம். ஒரே ஒரு அமினோ அமிலத்தில் இந்த வேலை முடிந்துவிடுகிறது. முப்பது வருடம் பாடம் நடத்திய பிறகும் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும், மன்னியுங்கள்.

சாலியும் ராபும் அந்தச் சிவப்புப் புள்ளிகளை இரைச்சல் என்று அழித்துவிடவில்லை. என் ஆற்றாமை ஒன்றுதான். நம் கல்லூரி ஆய்வகங்களில் வரைபடக் கோடு அழகாக வரவேண்டும் என்பதற்காக, பொருந்தாத புள்ளிகளை ரப்பர் வைத்து அழிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். நானும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்போது அதை எக்செல்லில் ஒரே சொடுக்கில் செய்கிறீர்கள்.

என் 1984 நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ‘வடிநீர்’ என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக வெறும் கோடு. நாளை நீங்கள் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும், வேண்டாத எண்ணை அழிக்காதீர்கள். பின்னால் வருகிறவர் படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாழ்த்துகள்.